டார்வினின் தாளும் அடகுச் சீட்டும்

1838 ஜூலை. இருபத்தொன்பது வயது சார்லஸ் டார்வின் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டார். ஒன்றின் தலைப்பு கல்யாணம், மற்றதன் தலைப்பு கல்யாணம் வேண்டாம். பீகிள் கப்பலில் ஐந்து வருடம் உலகைச் சுற்றிவிட்டு லண்டனில் வந்து உட்கார்ந்திருந்தவர், வண்டுகளையும் குருவிகளையும் சேகரித்த அதே கையோடு தன் வாழ்க்கையையும் வகைப்படுத்தப் பார்த்தார். பெண் யார் என்ற பேச்சே தாளில் இல்லை.

'வேண்டாம்' பத்தியில் இருந்தவை: நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரம் போய்விடும், கிளப்பில் அறிவாளிகளோடு பேச வாய்க்காது, உறவுக்காரர்கள் வீட்டுக்கு அலைய வேண்டும், புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் பாழாகும். 'கல்யாணம்' பத்தியில் குழந்தைகள், வயதான காலத்தில் துணை, பாட்டு, அரட்டை என்று எழுதியவர், எப்படியும் நாய் வளர்ப்பதைவிட இது மேல் என்றும் ஒரு குறிப்பு போட்டார்.

அதற்கு 66 வருடம் முன்பே, இதே மாதிரித் தாளை எப்படிக் கையாள வேண்டும் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொல்லிக்கொடுத்திருந்தார். புதிய வேலை ஒன்றை ஏற்கலாமா என்று குழம்பிய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு 1772 செப்டம்பரில் எழுதிய கடிதம் அது. சாதகங்களை ஒரு பக்கமும் பாதகங்களை மறுபக்கமும் எழுது, மூன்று நான்கு நாள் விட்டுவிட்டு யோசி, எடை சமமாக உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, கடைசியில் எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அதுதான் முடிவு. ஒரு வகை இயற்கணிதம் என்றே ஃபிராங்க்ளின் இதைச் சொன்னார்.

டார்வின் அப்படி எதையும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கல்யாணம் தோற்றிருக்கவும் கூடும். பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, தேனீ மாதிரி உழைத்து உழைத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் புகை படிந்த லண்டன் வீட்டில் தனியாகக் கிடப்பதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தார். அடுத்து ஒரு சோபா, அதில் மனைவி, கணகணப்பான நெருப்பு, புத்தகம், இசை. உடனே கல்யாணம் என்று மூன்று முறை எழுதி, வடிவியல் தேற்றம் நிரூபணமானால் போடும் முடிப்புக் குறியையும் கீழே போட்டார். 1839 ஜனவரி 29 அன்று எம்மா வெட்ஜ்வுட்டோடு அவருக்குத் திருமணம் நடந்தது.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மனசு முன்பே தீர்மானித்துவிட்டது, புத்தி பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது என்று தோன்றும். ஆனால் டார்வின் எங்கே தவறினார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மாலை நேரத் தனிமைக்கு எத்தனை மதிப்பெண், கிளப் பேச்சுக்கு எத்தனை மதிப்பெண் என்று எந்த இயற்கணிதமும் சொல்லாது. அந்த எண்ணிக்கை வேறு எங்கிருந்தோ வர வேண்டும்.

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே ஒப்பாது. உணர்ச்சி என்றால் இடைஞ்சல், அதை ஒதுக்கி வைத்தால் புத்தி நேராக வேலை செய்யும் என்பதே பொதுவான நினைப்பு. கிரேக்கத்தில் பிளேட்டோவும் ஆன்மாவை ஒரு தேராகவும் அறிவைக் கடிவாளம் பிடித்த சாரதியாகவும் வைத்தார். அப்படியானால் உணர்ச்சி என்ற குதிரைகளை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? மூளையில் அடிபட்ட சிலரின் வாழ்க்கை, யாரும் வேண்டிக் கேட்காமலே, அந்தச் சோதனையைச் செய்து காட்டியது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவராக இருந்த அன்டோனியோ டமாசியோவிடம் வந்தவர்களில் ஒருவரை மருத்துவ உலகம் 'எலியட்' என்ற புனைபெயரில் அறியும். நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே, சிறிய ஆரஞ்சுப் பழ அளவுக்குக் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டியோடு சேர்ந்து கெட்டுப்போன மூளைத் திசுவும் போனது. பேச்சு, நினைவாற்றல், கணக்கு எல்லாம் முன்போலவே இருந்தன. நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரிக்கு நன்றாக மேலே மதிப்பெண். ஆனால் ஆபீசில் ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்து அடுக்கச் சொன்னால், தேதி வாரியாகவா, பொருள் வாரியாகவா என்று மதியம் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார். வேலை போயிற்று. பலர் எச்சரித்தும் கேட்காமல் தகாத ஆளோடு கூட்டு வியாபாரத்தில் இறங்கி இருந்த சேமிப்பையும் தொலைத்தார். மணமுறிவு, மறுமணம், மறுபடியும் மணமுறிவு. அறிவு நன்றாக இருக்கிறதே, இவருக்கு என்ன நோய் என்று ஊனமுற்றோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது.

டமாசியோவுக்கும் முதலில் பிடி கிடைக்கவில்லை. பிறகுதான் கவனித்தார்: இத்தனை துயரத்தையும் எலியட் யாருக்கோ நடந்த கதை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். எரியும் வீடுகள், வெள்ளத்தில் தத்தளிக்கும் மனிதர்கள் என்று படங்களைக் காட்டினால், முன்பு இவை தன்னை உலுக்கியிருக்கும், இப்போது எதுவும் தோன்றவில்லை என்று அவரே சொன்னார். ஒரு சிக்கலைக் கொடுத்தால் அதற்குப் பத்து வழி சொல்வார்; பத்தில் எதைச் செய்வது என்று மட்டும் தெரியாது.

இதே வகைச் சேதம் உள்ள இன்னொரு நோயாளி பற்றி டமாசியோ 1994 இல் வெளிவந்த 'டெகார்ட்டின் பிழை' நூலில் எழுதியது இன்னும் நுட்பமானது. கடுங்குளிர் நாள், சாலையெல்லாம் பனிக்கட்டி. பரிசோதனைக்கு அவர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் முன்னால் போன கார் பனியில் சறுக்கியது. ஓட்டிய பெண் பதறிப் பிரேக்கை மிதிக்க, கார் சுழன்று பள்ளத்தில் இறங்கியது. சில நொடிகளில் அதே இடத்தை அவரும் கடந்தார். பிரேக்கைத் தொடவில்லை, பதறவில்லை. சறுக்கல் பாதையில் என்ன செய்ய வேண்டும் என்ற விதிப்படி நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். உணர்ச்சி இல்லாதது அன்று அவரைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் காட்சி மாறியது. அடுத்த மாதம் எப்போது வர வசதி என்று கேட்டு, சில நாள் இடைவெளியில் இரண்டு தேதிகளைக் கொடுத்தார் டமாசியோ. நோயாளி குறிப்பேட்டை எடுத்தார். அன்று வேறு வேலை இருக்கிறதா, அதற்கு முந்தின நாள் என்ன, மழை பனி எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு தேதிக்கும் சாதக பாதகங்களை அடுக்க ஆரம்பித்தார். ஏறக்குறைய அரை மணி நேரம். ஃபிராங்க்ளின் சொன்ன முறையைப் பிசகில்லாமல் பின்பற்றினார். மிச்சம் மட்டும் விழவேயில்லை. மேசையைத் தட்டி நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்த டமாசியோ, கடைசியில் இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றார். உடனே சரி என்று குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அரை மணி நேர ஆராய்ச்சிக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது போல.

சாதாரண ஆள் இந்த இடத்தில் என்ன செய்வார்? ஐந்து நொடி யோசிப்பார். இதற்குப் போய் இவ்வளவு நேரமா என்ற சின்ன அலுப்பு தட்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சம் வரும், ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடுவார். அலுப்பும் கூச்சமும் உணர்ச்சிகள்தாம். யோசனையை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது அவைதாம்.

இதைச் சோதனைச் சாலையில் காட்ட டமாசியோவின் குழு, அன்டோய்ன் பெச்சாராவின் தலைமையில், ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கியது. நான்கு சீட்டுக்கட்டுகள், கையில் 2,000 டாலர் விளையாட்டுப் பணம். முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு, ஆனால் இடையிடையே பெரிய அபராதம். பத்துச் சீட்டு எடுத்தால் நிகரமாக 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டில் வரவு 50 டாலர்தான், அபராதமும் சிறியது. பத்துச் சீட்டுக்கு 250 டாலர் லாபம். இந்தக் கணக்கு ஆடுபவருக்குத் தெரியாது. கைகளில் மின்வாய் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்ப்பதைக்கூட அளந்தார்கள்.

1997 இல் வெளியான முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது. மூளை நலமாக இருந்தவர்களுக்கு, சுமார் பத்துச் சீட்டுக்குப் பிறகு, கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. ஏதோ சரியில்லை என்று அவர்கள் வாயால் சொன்னது ஐம்பதாவது சீட்டு வாக்கில். எலியட் வகைச் சேதம் உள்ளவர்களுக்கு அந்த வியர்வை வரவேயில்லை. சோதிக்கப்பட்ட அத்தகைய ஆறு நோயாளிகளில் மூன்று பேர் எந்தக் கட்டு மோசம் என்பதைக் கடைசியில் சரியாக விளக்கினார்கள். விளக்கிவிட்டு மறுபடியும் அதிலேயே சீட்டு எடுத்தார்கள். தெரிந்திருந்தது, உறைக்கவில்லை.

உடல் முதலில் அறிகிறது, அறிவு பின்னால் வருகிறது என்று இதை வைத்துப் புத்தகங்கள் எழுதப்பட்டன. அவ்வளவு தூரம் போக ஆதாரம் போதாது. 2004 இல் டியாகோ மையாவும் ஜேம்ஸ் மெக்லெலண்டும் அதே ஆட்டத்தை நடத்தி, இடையிடையே இன்னும் நுணுக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். எந்தக் கட்டு நல்லது என்பது ஆடுபவர்களுக்கு, முன்பு நினைத்ததைவிட வெகு சீக்கிரமே தெரிந்திருந்தது. வியர்வை அறிவை முந்திக்கொண்டு ஓடவில்லை. இரண்டும் கூடவே போயின என்று கொள்வதே பொருத்தம்.

இந்தத் துறையின் ஒரு பலவீனத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அழகான கதை கிடைத்தால் அதை விட மனசு வராது. 1848 இல் வெடிமருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்த பினியாஸ் கேஜ், ஆளே மாறிச் சீரழிந்தார் என்பது பாடப்புத்தகக் கதை. பிற்பாடு அவர் சிலி நாட்டில் ஆண்டுக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தது அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இஸ்ரேலில் பரோல் வழங்கும் நீதிபதிகள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தாராளமாகவும், அதற்கு முன்பு கறாராகவும் இருந்தார்கள் என்ற 2011 ஆம் ஆண்டு ஆய்வும் அப்படித்தான் பரவியது. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் அமர்வின் கடைசியில்தான் வருகின்றன என்ற எதிர்வாதம் அந்த அளவு பரவவில்லை. உணர்ச்சியைப் பற்றிய ஆய்வுகளை உணர்ச்சிவசப்பட்டு நம்புவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

உணர்ச்சி இல்லாவிட்டால் எப்போதும் நஷ்டம் என்பதும் உண்மையில்லை. 2005 இல் பாபா ஷிவ் குழுவினர் வேறொரு ஆட்டம் வைத்தார்கள். 20 டாலர், 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலரைப் பந்தயம் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். கட்டினால் காசு சுண்டப்படும். தோற்றால் அந்த டாலர் போச்சு, ஜெயித்தால் இரண்டரை டாலர். கணக்குத் தெரிந்தவர் ஒவ்வொரு முறையும் கட்டுவார். நலமாக இருந்தவர்களோ தோற்றதும் பல சுற்றுகளில் கையை இழுத்துக்கொண்டார்கள், சராசரியாக 22.80 டாலரோடு முடித்தார்கள். மூளையில் உணர்ச்சிப் பகுதிகள் சேதமடைந்தவர்கள் அசராமல் கட்டிக்கொண்டே போய் 25.70 டாலர் ஈட்டினார்கள். பனிச் சாலையில் கார் ஓட்டியவரும் இந்த வகை ஆட்டத்தைத்தான் ஆடினார்: விதி தெளிவு, நேரம் குறைவு, வேண்டியது பதறாமை. எந்தத் தேதி, எந்தக் கூட்டாளி, எந்தப் பெண் என்ற கேள்விகளுக்கு அப்படி விதி கிடையாது.

பயத்தின் கதையும் இதே மாதிரி இரண்டு பக்கம் வெட்டும். 'எஸ்.எம்.' என்ற எழுத்துகளால் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபு நோயால், மூளையின் இரு பக்கமும், பயத்தை உணர உதவும், பாதாம் பருப்பு அளவே உள்ள அமிக்டலா அழிந்துபோயிருந்தது. பாம்பென்றாலே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே, பிராணிகள் விற்கும் கடையில் பாம்பைக் கையில் வாங்கித் தடவினார். இன்னும் பெரிய, ஆபத்தான பாம்புகளையும் தொடலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருமுறை பூங்காவில் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டப்பட்டவர், மறுநாளும் அதே பூங்கா வழியாக நடந்துபோனார். பயமின்மையை வீரம் என்று புகழும் வழக்கம் இவரைப் பார்த்தால் கொஞ்சம் தயங்கும்.

மறுபக்கம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானம் ஏறப் பயந்த அமெரிக்கர்கள் நெடுந்தூரப் பயணங்களுக்குக் காரை எடுத்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் விமானத்தைவிடக் கார் பல மடங்கு ஆபத்தானது. அடுத்த 12 மாதங்களில் இந்த மாற்றத்தால் மட்டும் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இருந்த மொத்தப் பயணிகளைவிட அது பல மடங்கு. அவர்கள் ஒவ்வொருவரும் தங்களளவில் பாதுகாப்பான வழியைத்தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்திருப்பார்கள்.

படிப்பும் அனுபவமும் இதிலிருந்து காப்பாற்றுமா? 1982 இல் பார்பரா மக்நீல், ஏமஸ் ட்வெர்ஸ்கி முதலானோர் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா என்று பலரிடம் கேட்டார்கள். அறுவை செய்த நூறு பேரில் 90 பேர் பிழைத்தார்கள் என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. நூறில் 10 பேர் இறந்தார்கள் என்று மற்றவர்களுக்கு. கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் வகையில் 18 சதவீதம், இரண்டாவது வகையில் 44 சதவீதம். எண் ஒன்றே. கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்களும் வழுக்கினார்கள்.

ஆக, கேள்வியைச் சற்று நகர்த்திக் கேட்டால் பலன் உண்டு. உணர்ச்சியா, அறிவா என்பதைவிட, எந்த நேரத்து உணர்ச்சி எந்த நேரத்து வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. 1998 இல் டேனியல் ரீடும் பார்பரா வான் லீவெனும் ஆம்ஸ்டர்டாம் அலுவலகங்களில் செய்த சோதனை எளிமையானது. அடுத்த வாரம் கொடுக்கப்போகும் தின்பண்டத்தை இப்போதே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். சாப்பிட்டு முடித்த நேரத்தில் கேட்டால் நிறையப் பேர் பழம் கேட்டார்கள். மாலை, வயிறு கிள்ளும் நேரத்தில் கேட்டால் சாக்லேட், சிப்ஸ் பக்கம் கை போனது. அடுத்த வாரத்துப் பசியை இன்றைய பசி அளந்தது.

தின்பண்டத்தில் இது சிரிப்புக்குரியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடம் இது வேறு முகம் காட்டியது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து நடத்திய ஆய்வு 2013 இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பணம் கைக்கு வரும் பயிர் அது. எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க ஆலையால் முடியாது என்பதால், வெட்டு மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி நடக்கும். ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், பக்கத்து வயல்காரர் ஆலையின் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பார். பருவம் ஒன்றே, கைநிலை வேறு. இப்படியொரு ஏற்பாட்டை ஆய்வாளர்கள் தாங்களே உருவாக்க நினைத்தாலும் முடிந்திருக்காது.

அறுவடைக்கு முன்பு 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம். அறுவடைக்கு முன்பு ஏறக்குறைய எல்லோருக்கும் கடன். கோலம்போல் வரிசைப்பட்ட வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும், எண்களை வைத்துக் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சியிலும் அதே மனிதர் அறுவடைக்கு முன்பு குறைவாகவும் பின்பு கூடுதலாகவும் செய்தார். பழக்கத்தால் வந்த முன்னேற்றமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்காக, 100 பேரை முதல் தடவை சேர்க்காமல் ஒதுக்கி வைத்து அறுவடைக்குப் பிறகே சோதித்திருந்தார்கள். இதை வெறும் மன அழுத்தம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. வட்டி எப்போது கட்டுவது, நகையை எப்போது மீட்பது என்ற யோசனை விடாமல் ஓடிக்கொண்டிருப்பதால், மற்ற யோசனைக்கு இடம் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஏழைகள் தவறாக முடிவெடுக்கிறார்கள், அதனால் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று திண்ணையிலும் மாநாட்டு மேடையிலும் ஓதப்படும் பாட்டுக்கு இது நல்ல பதிலடி.

முழுப் பதிலடி என்று சொல்ல முடியாது. 2016 இல் கார்வால்யோ, மையர், வாங் ஆகியோர் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பளத் தேதிக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, யோசிக்கும் திறனில் வேறுபாடே தென்படவில்லை. மாதச் சம்பளத்துக்கு நான்கு நாள் காத்திருப்பதும், வருட அறுவடைக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனால் அவர்கள் கண்ட வேறொன்று இன்னும் சுவாரசியமானது: சம்பளத்துக்கு முன்பு கேட்டால், பின்னால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டு இப்போதே கிடைக்கும் சிறிய தொகையைக் கேட்டவர்கள் அதிகம். அவசர புத்தி என்று சொல்லத் தோன்றும். வாடகை கட்ட நாளை கடைசி என்றால், இன்றைய ஐம்பதை அடுத்த மாத அறுபதைவிடப் பெரிதாக நினைப்பது பதற்றமா, கணக்கா? கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்விக்கு நிறுத்தி நிதானமாகத்தான் பதில் சொல்வார்கள்.

எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர், ஜோனத்தன் ராபின்சன் மூவரும் மேற்குக் கென்யாவில் செய்தது இந்த இடத்திலிருந்து தொடங்கியது. உரம் போட்டால் மக்காச்சோளத்தில் லாபம் என்று அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். அடுத்த பருவத்துக்கு வாங்கப்போவதாகச் சொல்வார்கள். பருவம் வரும்போது பணம் வேறு செலவுகளில் கரைந்திருக்கும். இந்தத் திட்டத்தில் ஆய்வாளர்கள் புத்தி சொல்லும் கூட்டங்களை நம்பவில்லை. அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் வேளையில் போய், இப்போதே பணம் கட்டினால் உரத்தை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம், சலுகை சில நாள்தான் என்றார்கள். உர விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. பருவத்தின் பிற்பகுதியில் பாதி விலை மானியம் கொடுத்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட ஈடாக உரப் பயன்பாடு உயர்ந்தது. அதே இலவச விநியோகத்தை நடவு நேரத்தில் கொடுத்துப் பார்த்தபோது பலன் அந்த அளவு இல்லை.